மார்க்கம்மாவின் வீட்டுக்காரர்

கீழே கண்ணாடிக் கடை, மேலே மார்க்கம்மா. படியேறி வருகிறவர்களில் பலர் கண் பரிசோதனைக்கு வந்து வழி தவறியவர்கள். "இங்க பவர் பாப்பாங்களா?" என்று கதவிடுக்கில் தலையை நீட்டுவார்கள். "பாப்போம், ஆனா கண்ணுக்கு இல்ல," என்பாள் மார்க்கம்மா. கண்ணாடிக் கடைக்காரரும் சும்மா இருப்பதில்லை. கரும்பலகை தெரியவில்லை என்று வரும் பிள்ளைகளின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லையென்றால், "கண்ணு சுத்தமா இருக்கு. எதுக்கும் மேல ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்க," என்று அனுப்பி வைப்பார். அப்படி வந்தவர்களில் சிலருக்கு நிஜமாகவே மேலேதான் வேலை இருந்தது.

மார்க்கம்மா என்ற பெயரும் அவர் வைத்ததுதான். வாசல் பலகையில் 'உளவியல் சோதனை நிலையம்' என்று எழுதியிருந்தது யார் வாயிலும் நுழையவில்லை. மூளைக்கு மார்க் போடுகிற அம்மா, ஆகவே மார்க்கம்மா. அவள் டாக்டர் இல்லை, மருந்து எழுத மாட்டாள். டீச்சரும் இல்லை, எதையும் சொல்லித்தர மாட்டாள். எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்பாள். வண்ணக் கட்டைகளைப் படத்தில் உள்ளபடி அடுக்கச் சொல்வாள். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அதைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொல்வாள். பிறகு ஓர் அறிக்கை தருவாள். அதை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ கோர்ட்டோ ஒரு முடிவுக்கு வரும்.

சோதனை அறையின் சுவரில் ஒன்றும் இருக்காது. ஒரு காலண்டர் மாட்டினால் போதும், பிள்ளைகள் கேள்வியை விட்டுவிட்டு அதிலுள்ள பூவின் இதழை எண்ண ஆரம்பித்துவிடும். நாற்காலிக்குச் சக்கரம் கிடையாது. கடிகாரம் வந்தவரின் முதுகுப் பக்கம் இருக்கும். பதில் சரியோ தப்போ, மார்க்கம்மாவின் வாயிலிருந்து வருவது ஒரே சொல்தான்: "ம்ம்." அதுவும் ஒரே சுருதியில். சரியான பதிலுக்கு முகம் மலர்ந்தால் தப்பான பதிலைப் பிள்ளை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடும் என்பது தொழில் பாடம். இருபதுகளில் பிடித்த இந்தப் பழக்கம் வீட்டிலும் தொற்றிக்கொண்டது. வீட்டுக்காரர் ஆசையாகப் புடவை வாங்கி வந்து "எப்படி?" என்று கேட்டாலும் "ம்ம்" தான். "மார்க் எவ்வளவுன்னாவது சொல்லேன்," என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

வருகிறவர்களுக்கும் வேண்டியது அதுதான். பிள்ளைக்கு எதில் கை ஓடுகிறது, எதில் திணறுகிறது, வீட்டில் என்ன செய்யலாம் என்று மார்க்கம்மா பொறுமையாக விளக்குவாள். பெற்றோர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி தலையாட்டுவார்கள். அவள் மூச்சு வாங்கும் இடத்தில், "அதெல்லாம் சரிங்க, மார்க் எவ்வளவு?" என்பார்கள். சொன்னதும் சிலர் அழுவார்கள், சிலர் உடனே போனை எடுத்து மாமியாருக்குச் சொல்வார்கள். அந்த ஒரு நம்பருக்குள் அப்படி என்னதான் இருக்கிறதோ என்று அவளுக்கு ஆற்றாமையாக வரும்.

அந்த நம்பருக்காக மனிதர்கள் படுகிற பாடும் அவளுக்கு அத்துப்படி. மேஜைக்கு அடியில் பிள்ளையின் காலை மிதிக்கும் அம்மாக்கள் உண்டு. ஞாபக மறதி சோதனைக்கு அப்பாவை அழைத்து வரும் மகன், "இன்னிக்கு என்ன கிழமைப்பா? சொல்லுங்க, சொல்லுங்க," என்று படியிலேயே பாடம் நடத்துவான். உள்ளே உட்கார்ந்திருக்கும் மார்க்கம்மாவுக்கு எல்லாம் கேட்கும். அவள் கோபப்படுவதில்லை. அப்பாவை உட்கார வைத்துவிட்டு, எல்லாரிடமும் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்பாள்: "இந்த மாதிரி சோதனை இதுக்கு முன்னாடி எங்கயாவது பண்ணியிருக்கீங்களா?"

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தச் சோதனைகள் எல்லாம் புதிதாக உட்காருகிறவருக்காகச் செய்தவை. ஒரு தடவை பார்த்தவர் அடுத்த தடவை கூடுதலாக வாங்குவார். பல தடவை பார்த்தவரிடம் மூளையை அளக்க முடியாது, மனப்பாடத்தைத்தான் அளக்கலாம். அதனால்தான் கட்டைகளும் சொற்பட்டியல்களும் கதைகளும் பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. மார்க்கம்மா அவற்றைப் பற்றி வெளியில் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

யாரிடமும் என்றால், வீட்டுக்காரரைத் தவிர.

அவர் லிஃப்ட் மெக்கானிக். தம்பியோடு சேர்ந்து சொந்தமாகப் பராமரிப்புத் தொழில் செய்துவந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த வேலையை விட்டு மார்க்கம்மா தனியாகத் தொழில் ஆரம்பித்தபோது, வேண்டாம் என்று சொல்லாத ஒரே ஆள் அவர்தான். கண்ணாடிக் கடை மாடியைப் பார்த்து வந்தவரும் அவர். சோதனை மேஜையை அவரே செய்தார். கட்டை உருளக் கூடாது என்று ரசமட்டம் வைத்து நாலு காலையும் இழைத்து இழைத்துச் சரி பார்த்தார். தெருச் சத்தம் வராமலிருக்கக் கதவு விளிம்பில் கம்பளித் துணி ஒட்டினார்.

அதற்கெல்லாம் மேலாக, அவர்தான் அவளுடைய சோதனை எலி. புதுச் சோதனை ஒன்று வாங்கினால் நேராக அதை வந்தவரிடம் செய்துவிட முடியாது. கேள்வியின் ஒவ்வொரு சொல்லும் மனப்பாடமாக வேண்டும். ஒரு கை கட்டையை எடுத்து வைக்க, ஒரு கை நேரத்தைக் குறிக்க, கண் எதிராளியின் முகத்தில் இருக்க வேண்டும். இதற்கு யார் மேலாவது பழகியாக வேண்டும். வேலை முடிந்து கையில் கிரீஸ் வாடையோடு வருகிற மனிதரைச் சாப்பாடு போட்டு உட்கார வைத்துவிடுவாள்.

அவரும் சும்மா உட்கார மாட்டார். "இன்னிக்கு நான் யாரு?" என்று கேட்பார். "அடம் பிடிக்கிற எட்டு வயசுப் பையன்," என்று அவள் சொன்னால் போதும். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, கட்டையை மேஜைக்கு அடியில் போட்டு, பாதியில் பாத்ரூம் போகணும் என்று எழுந்துபோய், திரும்பி வராமல் அங்கேயே பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார். "காது கேக்காத தாத்தா" என்றால் ஒவ்வொரு கேள்விக்கும் "ஆங்?" என்பார். ஒரு தடவை அவள் "பயந்த பொண்ணு" என்று சொன்னபோது, அவர் நிஜமாகவே கண் கலங்கிவிட்டார். எப்படி என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். மார்க்கம்மாவுக்கு இந்தத் தொழிலில் வந்த நிதானமெல்லாம் அந்தச் சாப்பாட்டு மேஜையில் வந்தது. பழைய சோதனை திருத்தப்பட்டுப் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் மறுபடியும் அவர்தான் எலி. முப்பது வருஷத்தில் அவர் உட்காராத சோதனை ஒன்றும் பாக்கி இல்லை.

ஒரு வியாழக்கிழமை, ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவில், கொழுந்தன் படியேறி வந்தான். மார்க்கம்மாவின் அலுவலகத்துக்கு அவன் வருவது வழக்கமில்லை. உட்கார வேறு இடம் இல்லாமல், சோதனைக்கு வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அண்ணி, அண்ணனுக்குத் தெரிய வேணாம். அண்ணன் மறந்து போறாரு."

"எல்லாரும்தான் மறக்கிறோம் தம்பி. நான் கண்ணாடிய நெத்தியில வெச்சுக்கிட்டே தேடறேன்."

"இது அப்படி இல்ல அண்ணி."

அவன் சொன்னது இது. லிஃப்ட் கதவு சரியாக மூடாமல் பெட்டி நகரக் கூடாது. அதற்கென்று ஒரு பாதுகாப்பு இணைப்பு இருக்கிறது. பழுது பார்க்கும்போது மட்டும் ஒரு துண்டு ஒயரைக் குறுக்கே போட்டு அந்தப் பாதுகாப்பைத் தற்காலிகமாக ஏமாற்றுவார்கள். வேலை முடிந்ததும் முதல் காரியமாக அந்த ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்காவிட்டால் கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் பாட்டுக்குக் கிளம்பிவிடும். இந்தத் தொழிலில் இருப்பவன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மறக்கக் கூடாதது அது.

"நேத்து ஒரு குடியிருப்புல அண்ணன் மட்டும் போய் வேலை பாத்துட்டு வந்தாரு. ஒயர எடுக்கல. நாலாவது மாடியில ஒரு அம்மா காய்கறிப் பையோட ஒரு கால உள்ள வெக்கறாங்க, கதவு திறந்தபடியே லிஃப்ட் கெளம்பிடுச்சு. பின்னால நின்ன ஆளு புடிச்சு இழுத்துட்டாரு. பை உள்ள போச்சு, அவங்க வெளிய விழுந்தாங்க. முட்டியில அடி, அவ்வளவுதான்." அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "போன மாசமும் ஒரு எடத்துல விட்டுட்டாரு. நானே பாத்து எடுத்துட்டேன். அவர் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது? இப்ப திங்கள்கிழமை பள்ளிக்கூட லிஃப்ட் அண்ணி. பசங்க ஏறி இறங்கற எடம். அண்ணன் வரலாமா, வேணாமா? நீங்க சொன்னா நான் கேட்டுக்கறேன். ஊருக்கெல்லாம் நீங்கதான சோதிச்சு சொல்றீங்க?"

வீட்டில் அவளும் சிலதைப் பார்த்திருந்தாள். ஒரே வேடிக்கைக் கதையை ஒரே சாப்பாட்டில் இரண்டு தடவை சொன்னார். குடையைக் குளிர்பதனப் பெட்டியின் மேலே வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினார். வந்தவர்களிடம் சொல்வதையே அவள் தனக்கும் சொல்லிக்கொண்டாள்: மறதி வேறு, நோய் வேறு. வேறு யாருடைய மனைவியாவது வந்து இதையெல்லாம் சொல்லியிருந்தால், அவள் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டிருப்பாள்.

"நம்ம வீட்டு ஆளுக்கு நானே செய்யக் கூடாது தம்பி. பெரிய ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு இருக்கு, நல்லா செய்யும். அங்க கூட்டிட்டுப் போறேன். அது சொல்றபடி செய்வோம்."

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவருக்கு முதலில் கோபம் வந்தது. தம்பி தன்னைப் பற்றிக் கோள் சொல்லிவிட்டான் என்று சாப்பிடாமல் எழுந்தார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"சரி, போவோம். நல்ல மார்க் வந்தா அவன் வாய மூடிட்டு இருப்பானா?"

"இருப்பார். அப்படித்தான் பேசியிருக்கோம்."

"அப்ப சோத்தப் போடு," என்றார்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே இருந்த உளவியலாளர் சின்ன வயசுப் பெண். மார்க்கம்மாவின் அறிக்கைகளைப் படித்துப் படித்தே தொழில் கற்றதாகச் சொல்லிக்கொள்பவள். வீட்டுக்காரரை உள்ளே உட்கார வைத்துவிட்டு, தாழ்வாரத்துக்கு வந்து சங்கோஜமாகச் சிரித்தாள்.

"வழக்கமான கேள்விதான் மேடம், உங்ககிட்டயே கேக்க வேண்டியிருக்கு. சாருக்கு இதுக்கு முன்னாடி இந்தச் சோதனைங்க ஏதாவது பண்ணியிருக்கா?"

"இல்லம்மா," என்றாள் மார்க்கம்மா.

பொய் என்று தெரிந்தேதான் சொன்னாள். நாக்கு ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ஆமாம் என்று சொன்னால் அந்தப் பெண் சோதனைப் பெட்டியை மூடிவிடுவாள், வேறு வழி தேட வேண்டும், மாதக் கணக்கில் டாக்டர், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று அலைய வேண்டும், அதற்குள் அவர் உடைந்துபோவார். இவையெல்லாம் அவள் பிற்பாடு யோசித்துச் சேர்த்துக்கொண்ட காரணங்கள். அந்தக் கணத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். தன் மனிதர் நல்ல மார்க் வாங்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. படியில் அப்பாவுக்குக் கிழமை சொல்லிக்கொடுத்த மகனுக்கும் அவளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

தாழ்வாரத்து பெஞ்சில் அவள் காத்திருந்தாள். முப்பது வருஷமாகக் கதவுக்கு உள்ளே இருந்தவளுக்கு வெளியே உட்காருவது எப்படி இருக்கும் என்று தெரியாது. பக்கத்தில் இருந்த அம்மாள் யாரோ, "உங்க வீட்டு ஆளா? பயப்படாதீங்க, பாஸ் பண்ணிடுவாங்க," என்று ஆறுதல் சொன்னாள். வேறு நாளாக இருந்தால், இதில் பாஸ், ஃபெயில் எல்லாம் கிடையாது என்று மார்க்கம்மா பாடம் எடுத்திருப்பாள். இன்றைக்கு, "உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்," என்றாள்.

பலித்தது. அந்தப் பெண் சிரித்த முகத்தோடு வந்தாள். "பிரமாதம் மேடம். அவர் வயசுக்காரங்கள்ல நூத்துல தொண்ணூத்தஞ்சு பேர் சாருக்குக் கீழதான். ஞாபகத்துல ஒரு குறையும் இல்ல." போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். "கதை ஒண்ணு படிச்சுக் காட்டி திருப்பிச் சொல்லச் சொல்லுவோம்ல, நான் படிக்கறப்பவே சார் உதட்ட அசைச்சுட்டே இருந்தாரு. அவ்வளவு கவனம்."

மார்க்கம்மா "ம்ம்" என்றாள்.

திரும்பும் வழியில் ஸ்கூட்டர் பஞ்சரானது. வெயிலில் இரண்டு பேரும் தள்ளிக்கொண்டே போனார்கள். பஞ்சர் ஒட்டுகிறவர் போல்ட்டைச் சரியாக முறுக்கவில்லை என்று வீட்டுக்காரர் சண்டைக்குப் போய், அவர் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கித் தானே முறுக்கினார். முறுக்கிவிட்டு அதே ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, மூளையில் தொண்ணூற்றைந்து பேரைத் தோற்கடித்த கதையைச் சொன்னார். பஞ்சர்க்காரர் ரொம்பவும் மரியாதையாகிவிட்டார். மார்க்கம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் கொழுந்தன் வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்கண்ணா, திங்கள்கிழமை சேந்தே போவோம்," என்றான். எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமை காலை முதலில் வந்தவர் ஒரு வயசான அம்மா. மகள் கூட்டி வந்திருந்தாள். மார்க்கம்மா பேனாவைத் திறந்துகொண்டு, "இந்த மாதிரி சோதனை இதுக்கு முன்னாடி..." என்று ஆரம்பித்தாள். பாதியில் நாக்கு நின்றுவிட்டது. அந்த அம்மா காத்திருந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, கேக்க வந்தது மறந்து போச்சா? எனக்கும் இப்படித்தான் ஆகுது," என்றாள். மகள் சிரித்தாள். மார்க்கம்மாவும் சிரித்து, கேள்வியை முடித்து, அன்றைய வேலையையெல்லாம் ஒழுங்காகச் செய்தாள். ஆனால் கட்டைகளை எடுத்து வைக்கும்போதெல்லாம் நாலாவது மாடியில் ஒரு காலை உள்ளே வைத்த பெண்ணைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். திங்கள்கிழமை அந்தக் கால் ஒரு பிள்ளையின் காலாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து கருவிப் பையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மார்க்கம்மா எதிரே போய் உட்கார்ந்தாள்.

"என்னங்க, அந்த மார்க் செல்லாது."

"எந்த மார்க்?"

"ஆஸ்பத்திரியில வாங்கினது. எல்லாம் நான் உங்களுக்கு வீட்டுல செஞ்ச சோதனைங்கதான். அந்தப் பொண்ணு கேட்டுச்சு. நான் இல்லன்னு பொய் சொல்லிட்டேன்."

அவர் துணியை மடித்து வைத்தார். "அதுல என்ன தப்பு? ஞாபகம் இருக்கான்னுதானே பாத்தாங்க? ஞாபகம் இருந்துச்சு, சொன்னேன்."

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வாதத்தை எந்தக் கோர்ட்டிலும் அவள் கேட்டதில்லை.

"சோதனையில வர்ற படகுக்காரர் கதையச் சொல்லுங்க," என்றாள்.

அவர் கண்ணைக்கூட மூடவில்லை. "மழை விட்ட ஒரு சாயங்காலம், படகுக்காரர் ஒருவர் தன் கறுப்புக் குடையை அக்கரையில் மறந்து வைத்துவிட்டார். இந்த எடத்துல நீ ஒரு தடவ மூச்சு எடுப்ப. மறுநாள் அதைக் கண்டெடுத்த பள்ளி ஆசிரியை..." என்று கடைசிப் புள்ளி வரை சொன்னார். எந்த இடத்தில் அவள் நிறுத்துவாள், எந்தச் சொல்லுக்குக் குரலைத் தாழ்த்துவாள் என்பதுகூட அதில் இருந்தது. அவளுடைய இருபத்தெட்டு வயசுக் குரல் அப்படியே அவர் வாயில் வந்தது.

"இப்ப வேற ஒண்ணு கேக்கறேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து திரும்பி வரப்ப வழியில என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு? வந்தோம்."

"வண்டி?"

"வண்டிக்கு என்ன?"

"பஞ்சர் ஆச்சுங்க. தள்ளிட்டு வந்தோம். நீங்க சண்டை போட்டீங்க, அப்புறம் அந்த ஆளுக்கு டீ வாங்கிக் குடுத்தீங்க."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் விளையாடுகிறாளா என்று பார்த்தார். பிறகு எழுந்து போய், வாசலில் நின்ற ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். போல்ட்டுகளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது நான் முறுக்கினதுதான்," என்றார். உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"அந்த ஒயரும் இப்படித்தான் போச்சா?"

"ஆமாங்க."

"அந்த அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"முட்டியில அடி. வேற ஒண்ணும் இல்ல."

"அங்க உக்காந்திருக்கப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு," என்றார் அவர். "அந்தப் பொண்ணு மொத வரி சொல்றதுக்குள்ள எனக்கு மூணாவது வரி வந்து நிக்குது. இது சரியில்லன்னு தோணுச்சு. மார்க்கச் சொன்னதும் சந்தோஷத்துல வாயத் திறக்கல."

"நானும்தான் திறக்கல," என்று சொல்லி மார்க்கம்மா அழுதாள். மற்றவர்களின் அப்பா அம்மாவுக்காக எத்தனையோ அறிக்கைகள் எழுதியவள், கணவர் துடைத்து வைத்த கருவிகளுக்கு நடுவில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். தன்னுடைய அலமாரி நிறைய இருக்கும் சோதனைகளில் அவருக்கென்று ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லையே என்று அவளுக்கு ஆறவில்லை. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார்.

சாயங்காலம் அவள் ஆஸ்பத்திரிப் பெண்ணுக்குப் போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னாள். "அப்ப அந்த ரிப்போர்ட்ட ரத்து பண்ணிடறேன் மேடம்," என்றாள் அந்தப் பெண். பிறகு அவளே, "நரம்பு டாக்டர்கிட்ட நானே பேசி நாள் வாங்கித் தரேன். நீங்க தனியா அலைய வேணாம்," என்றாள். எந்தப் பிள்ளையின் பெற்றோருக்கும் மார்க்கம்மா இந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம், ஏன் சொல்லாமல் விட்டோம் என்று நினைத்தாள்.

திங்கள்கிழமை காலையில் கொழுந்தன் வேனை வாசலில் நிறுத்திவிட்டு உற்சாகமாக உள்ளே வந்தான். அண்ணன் வழக்கம்போல வேலைச் சட்டையில், வேலைக்குப் போடும் ஷூவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கெளம்பலாமாண்ணா?"

"எந்தக் கட்டடம் இன்னிக்கு?"

"பள்ளிக்கூடம்ணா."

"நீ போயிட்டு வா. நான் வரல."

"என்னண்ணா இது? அவ்வளவு நல்ல மார்க் வாங்கிட்டு?"

"அந்த மார்க் என்னுது இல்லடா. உங்க அண்ணியோடது," என்றார் அவர். "முப்பது வருஷமா உக்கார வெச்சு சொல்லிக் குடுத்திருக்கா. நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கா."

கொழுந்தன் சிரித்துவிட்டு, வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். "அண்ணி? நீங்க என்ன சொல்றீங்க?"

"அவர் இனிமே லிஃப்ட தொட வேணாம் தம்பி."

"வேற எங்கயாவது சோதிச்சுப் பாத்தீங்களா? எவ்வளவு வந்துச்சு?"

"எவ்வளவும் வரல. நான் கூட இருந்து பாக்கறேன், அதனால சொல்றேன்."

நம்பர் இல்லாமல் ஒரு மனிதரைப் பற்றி மார்க்கம்மா முடிவு சொன்னது அதுதான் முதல் தடவை. குரல் நடுங்கியது, அவள் அதை மறைக்கவில்லை. கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான். அவர் தலையாட்டினார். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கருவிப் பையை எடுத்துத் தோளில் போட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனான்.

வீட்டுக்காரர் குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். ஒரு காலை அவிழ்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தம்பி எங்க போறான்?"

"பள்ளிக்கூடத்துக்குங்க. லிஃப்ட் பாக்க."

"பசங்க ஏறுற லிஃப்டா?" அவர் முகம் மாறியது. "முடிச்சதும் கதவு ஒயர எடுக்கச் சொல்லு. மறந்துடப் போறான்."

மார்க்கம்மா ஜன்னலுக்கு ஓடினாள். வாசலில் வேனைக் கிளப்பிக்கொண்டிருந்த கொழுந்தனிடம், தெருவே திரும்பிப் பார்க்கும்படி, அண்ணன் சொன்னதை அப்படியே கத்திச் சொன்னாள்.